இழுப்பது எளிது, நிறுத்துவது அரிது

தேர்த் திருவிழாவன்று நம் கண்கள் முதலில் நாடுவது வடத்தையே. வல்வெட்டித்துறை முத்துமாரியம்மன் கோயிலாயினும், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியாயினும், நல்லூராயினும், நூற்றுக்கணக்கானோர் ஒருமுகமாய் நின்று வடம் பிடிக்க, மலைபோன்ற தேர் அசைந்து புறப்படும் காட்சி எவருடைய உள்ளத்தையும் உருக்கும். ஆயினும், தேரின் சில்லுகளுக்கு அருகே, கையில் முட்டுக்கட்டை ஏந்திக் கண்ணிமையாது நடந்து வரும் சிலரை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தேரை ஓட்டுவோர் வடம் பிடிப்போர்; அதனை வேண்டிய இடத்தில் நிறுத்துவோரோ கட்டை போடுவோர். பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்பது, நல்ல காரியத்தைத் தடுப்பவரை இகழும் சொல்லாகிவிட்டது. தேரடியிலோ அது உயிர் காக்கும் பொருள்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் தேரோட்டம் அன்று. வழியிலே பழுதுபட்டு நின்றுவிட்ட மோட்டார் வண்டியை, சிறப்பாகப் பாரம் மிகுந்த பிக்கப் வண்டியை, மற்றொரு வண்டியின் பின்னே பூட்டி வீடு சேர்ப்பது எவ்வாறு என்பதே நாம் ஆராயப்போவது. ஆயினும் இதற்கும் தேருக்கும் விதி ஒன்றே. இழுப்பதற்கு வலிமை போதும். நிறுத்துவதற்கு முன்யோசனை வேண்டும். கட்டியிழுக்கும்போது நேரும் துன்பங்களுட் பெரும்பாலானவை, இழுக்க வழி தேடியவர் நிறுத்த வழி தேடாமையால் நேர்பவை.

வடபகுதியில் வண்டியைக் கட்டியிழுக்கும் வழக்கம் புதிதன்று. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், பெற்றோல் குதிரைக்கொம்பாக இருந்தபோது, ஒஸ்ரின், மொரிஸ் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். கார் நடுவழியில் நின்றால் யாராவது ஒருவர் கயிறு கொண்டு வருவார். மற்றொருவர் தம் வண்டியைப் பின்னுக்கு எடுப்பார். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அந்தக் கார்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தியும் வந்தது. மொரிஸ் மைனர் ஏறத்தாழ 800 கிலோகிராம் எடையே உடையது. கியரைக் கையால் மாற்றவேண்டும். எஞ்சின் நின்றுபோனாலும் அதன் ஸ்டியரிங்கும் பிறேக்கும் முன்போலவே வேலை செய்யும். ஏனெனில், அவற்றுக்கு எஞ்சினின் துணை முதலிலிருந்தே கிடையாது.

இன்றைய வண்டியோ வேறு சாதி. வீதிகளில் நாம் காணும் டபிள் கப் பிக்கப் ஏறத்தாழ 2 தொன் எடையுள்ளது. வட அமெரிக்காவில் முழு அளவுப் பிக்கப் என வழங்குவது இன்னும் கனமானது. ஸ்டியரிங்கை இலகுவாக்குவதும், பிறேக்கை அழுத்துவதற்குத் துணை செய்வதும் எஞ்சினே. அது ஓய்ந்தால் ஸ்டியரிங் இறுகும். பிறேக்கை இரண்டு மூன்று முறை மிதித்த பின்னர், முன்னிலும் பன்மடங்கு பலத்துடன் மிதிக்கவேண்டிவரும். சாவியை முற்றாகத் திருப்பி எடுத்துவிட்டாலோ, ஸ்டியரிங் பூட்டிக்கொண்டு அசையவே மறுக்கும். பழைய காரில் கற்ற வழக்கத்தைப் புதிய பிக்கப்பில் செலுத்துவது, வள்ளம் வலித்த கைப்பழக்கத்தை நம்பிக் கப்பலின் சுக்கானைப் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

வண்டிகளின் விலையையும் நினைக்கவேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீளத் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டியும் பொன்னாக மதிக்கப்பட்டது. கடற்கரையிலிருந்து மீன் ஏற்றும் ஒரு பிக்கப்பை நம்பி ஒரு குடும்பமே வாழ்கின்ற ஊர்கள் நம்மிடையே பல. அத்தகைய வண்டி வழியில் நிற்கும்போது, கூலி மிச்சம் என்று கருதிக் கயிற்றை எடுப்பது இயல்பே. ஆனால், அந்த மிச்சத்தின் மறுபக்கத்தில் கியர்ப்பெட்டியும், சில வேளைகளில் ஒரு மனித உயிரும் நிற்கின்றன.

வல்வெட்டித்துறையைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லவேண்டும். அவ்வூரார் கயிற்றின் குணம் அறியாதவர் அல்லர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்க நாட்டின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்ததை உலகம் அறியும். தைப்பொங்கல் நாளிலே அக்கரையில் பெரும் பட்டங்களை ஏற்றும் சிறுவர்கூட, இறுகிய கயிறு கையை என்ன செய்யும் என்பதை நன்கு அறிவர். கடலில் ஒரு படகின் இயந்திரம் நின்றுவிட்டால், மற்றொரு படகு அதன் அணியத்தில் கயிறு பூட்டிக் கரைக்கு இழுத்து வருவது அவர்களுக்கு அன்றாட அனுபவம்.

ஆனால், அந்தக் கடலனுபவத்தில் ஒரு பாதி மட்டுமே தெருவுக்குப் பொருந்தும். மறுபாதி பொருந்தாது. எது பொருந்தாது என்பதைத் தெளிவாக உணரவேண்டும்.

கடலில் இழுப்போர் கயிற்றை நீளமாக விடுவர். அது நடுவிலே தொய்ந்து நீரில் தோயும். அலை எழும்பி ஒரு படகை முன் தள்ளினாலும் பின் இழுத்தாலும், அந்தத் தொய்வு வில்போல் விரிந்து சுருங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். அதிலும் முக்கியமானது வேறொன்று. முன்படகின் இயந்திரத்தை நிறுத்தினால், பின்படகும் சிறிது தூரத்தில் தானே ஓய்ந்துவிடும். அதனை ஓயச் செய்வது தண்ணீர். கடல் முழுவதும் ஒரு பெரிய பிறேக் என்று சொல்லலாம்.

தார் வீதியிலோ அத்தகைய துணை இல்லை. 2 தொன் வண்டியைச் சமதரையில் மெல்ல நகர்த்த, ஏறத்தாழ 30 கிலோகிராம் பாரத்தைத் தூக்கும் பலமே போதுமானது. இரண்டு இளைஞர் தள்ளினால் அது உருண்டுவிடும். எளிதில் உருளுவது எளிதில் நிற்காது என்பதை மறக்கலாகாது. முன்வண்டி நின்றாலும் பின்வண்டி தன் வேகத்திலேயே வரும். கயிற்றுக்கு இழுக்கத் தெரியும், தடுக்கத் தெரியாது. நம் முன்னோர் மாட்டு வண்டிக்குக் கயிற்றைப் பூட்டாமல் ஏர்க்காலையும் நுகத்தடியையும் அமைத்தது ஏன் என்று சிந்தித்துப் பாருங்கள். இறக்கத்தில் வண்டி முன்னோக்கித் தள்ளும்போது, மரத்தாலான ஏர்க்கால் அத்தள்ளுதலை மாட்டின் கழுத்துக்குக் கொண்டு செல்ல, மாடு தன் கால்களை ஊன்றி வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறது. கயிற்றால் இது முடியுமோ?

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கைத் தருகிறோம். ஓடுகின்ற வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு பெருகும் என்பது பெளதிக நூலின் விதி. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மேலேனும் மோதினால், அது ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுந்ததற்குச் சமம். 40 கிலோமீற்றர் வேகமாயின் அவ்வுயரம் 6 மீற்றருக்கு மேல். 60 கிலோமீற்றராயின் 14 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் தாக்கம் நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. 2 தொன் இரும்பு ஒரு பனையின் பாதி உயரத்திலிருந்து விழுவதை மனத்தில் எண்ணிப் பார்த்தால், மெதுவாகச் செல்லுங்கள் என்று பெரியோர் கூறுவதன் பொருள் விளங்கும்.

மற்றொரு கணக்கும் உண்டு. இரு வண்டிகளுக்கும் இடையே 4 மீற்றர் கயிறு இருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது ஒரு மாடு குறுக்கே வர, முன்வண்டியின் சாரதி பிறேக்கை ஊன்றி மிதிக்கிறார். பின்வண்டியில் இருப்பவர் அதனைக் கண்டு காலை நகர்த்துவதற்கு ஏறத்தாழ ஒரு விநாடி செல்லும். அந்த ஒரு விநாடியிலேயே இடைவெளி ஏறக்குறைய 3 மீற்றர் சுருங்கிவிடும். மிஞ்சியது 1 மீற்றர். எஞ்சின் துணையற்ற பிறேக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய இயலும்?

“மெதுவாகத்தானே போகிறோம் அண்ணை, கயிறு போதும்” என்று இளையவர் சொல்வார். “போகும்வரை போதும் தம்பி, நிற்கும்போது போதாது” என்பதே மூத்தவர் தரவேண்டிய மறுமொழி. வேறு வழியே இல்லாமல், வண்டியை வீதியின் நடுவிலிருந்து ஓரத்துக்கோ, அடுத்த ஒழுங்கைக்குள்ளோ ஒதுக்கவேண்டி வந்தால், ஆள் நடக்கும் வேகத்தில் கயிற்றால் இழுக்கலாம். அப்போதும் பின்வண்டியில் அனுபவமுள்ள சாரதி ஒருவர் இருக்கவேண்டும். சாவி ஸ்டியரிங் பூட்டாத நிலையில் இருக்கவேண்டும். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி ஒன்று கட்டவேண்டும். கை காட்டினால் நிறுத்து, ஹோர்ன் ஒருமுறை அடித்தால் மெதுவாக்கு என்று இருவரும் முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று. அதற்கு மேல் கயிற்றை நம்பலாகாது.

கயிற்றுக்கு அடுத்த படி இரும்புத் தண்டு. அது ஏர்க்காலைப் போன்றது. இழுக்கவும் செய்யும், இடைவெளியைக் காக்கவும் செய்யும். அதற்கும் மேலான படியே இழுவை டொலி. இரண்டு சில்லுகளை உடைய ஒரு சிறு வண்டியை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் முன்னுள்ள நீண்ட கை, இழுக்கும் வண்டியின் பின்னே உள்ள இரும்புக் குண்டில் பூட்டப்படும். பழுதுபட்ட வண்டியின் முன்சில்லுகள் இரண்டும் டொலியின் மேல் ஏறி நிற்கும். பின்சில்லுகள் இரண்டும் வீதியில் உருண்டு வரும். பின்வண்டியில் ஆள் இருக்கவேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. நல்ல டொலிகளிற் சிலவற்றுக்குத் தமக்கெனப் பிறேக்கும் உண்டு. முன்வண்டி வேகம் குறைக்கும்போது டொலி முன்னோக்கித் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளுதலே ஒரு குழாயிலுள்ள எண்ணெயை அழுத்தி, டொலியின் சில்லுகளைப் பிடித்து நிறுத்தும். தேருக்குக் கட்டை போடுபவரின் வேலையை இங்கே இயந்திரம் செய்கிறது.

பழுதுபட்ட வண்டிகளை மீட்பதற்கென்றே ஒரு வண்டி அமைக்கும் எண்ணம் நூறாண்டுப் பழைமையுடையது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள சத்தனூகா என்னும் நகரில் கராஜ் நடத்திய எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர், ஓடையில் விழுந்த ஒரு காரை ஆட்களையும் கயிறுகளையும் கொண்டு பல மணி நேரம் போராடி மீட்டபின், இதற்கு வேறு வழி காணவேண்டும் என்று முயன்று, ஒரு காரின்மேல் பாரந்தூக்கியைப் பொருத்தினார். இன்று உலகெங்கும் ஓடும் மீட்பு வண்டிகளுக்கு அதுவே முன்னோடி. அந்நகரிலே இத்தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் அருகே, பணியிலிருந்தபோது உயிர்நீத்த மீட்புத் தொழிலாளரின் பெயர்கள் பொறித்த நினைவுச் சுவரும் உண்டு. அவர்களுட் பலர், வீதியோரத்தில் குனிந்து சங்கிலி பூட்டும் வேளையில் கடந்து சென்ற வாகனம் மோதி இறந்தவர்கள். பழகிய கைகளுக்கே இத்துணை ஆபத்து என்றால், பழகாதவர் எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும்!

இனிப் பிக்கப் வண்டிக்கு வருவோம். அதனை டொலியில் ஏற்றுவதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும்.

முதலாவது, எடை எவ்வளவு? டொலியின்மேல் அது தாங்கும் எடை பொறித்த தகடு ஒன்று இருக்கும். சிறு கார்களை எண்ணிச் செய்யப்பட்ட டொலியில் முழு அளவுப் பிக்கப்பை ஏற்றுதல் தகாது. பிக்கப்பின் மேல் மீன்பெட்டி, சீமெந்து முதலிய பாரம் இருந்தால் முதலில் அதனை இறக்கவேண்டும். இழுக்கும் வண்டி, இழுபடும் வண்டியிலும் கனமானதாய் இருக்கவேண்டும் என்பது அடுத்த விதி. கனடாவிலும் அமெரிக்காவிலும் நம்மவர் பலர் வீடு மாறும்போது டொலியை வாடகைக்கு எடுப்பதுண்டு. அங்கே அதனை வாடகைக்கு விடும் யூஹோல் என்னும் நிறுவனம், இழுக்கும் வண்டி குறைந்தது 750 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 340 கிலோகிராம், கூடுதல் எடையுடையதாய் இருத்தல் வேண்டும் என நிபந்தனை விதித்துள்ளது. ஆகவே, 2 தொன் பிக்கப்பை அதே அளவுள்ள மற்றொரு பிக்கப்பால் இழுப்பது முறையன்று. கனம் குறைந்த வண்டி முன்னே சென்றால், வளைவிலே பிறேக் பிடிக்கும்போது பின்வண்டி அதனைத் தள்ளி, இரண்டும் மடக்குக் கத்திபோல் மடிந்துகொள்ளும்.

உழவு இயந்திரம் இருக்கிறதே, அதற்கில்லாத பலமா என்று சிலர் கேட்பர். பலம் உண்டு, ஐயமில்லை. ஆனால், பெரும்பாலான உழவு இயந்திரங்களுக்குப் பிறேக் பின்சில்லுகளில் மட்டுமே உண்டு. லான்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு இயந்திரமோ எடையிலும் சிறியது. இவை வயலில் இழுப்பதற்கென்று பிறந்தவை. 2 தொன் வண்டியை வீதியில் தாங்கி நிறுத்துவதற்கென்று பிறந்தவை அல்ல. பலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் இழுப்பதையே நினைக்கும் நம் மனப்பழக்கம் இங்கேதான் ஏமாறுகிறது.

இரண்டாவது, எஞ்சின் எந்தச் சில்லுகளை ஓட்டுகிறது? சிறு கார்கள் பலவற்றில் முன்சில்லுகளே ஓட்டப்படும். அவற்றின் முன்சில்லுகளை டொலியில் ஏற்றிவிட்டால் பின்சில்லுகள் தீங்கின்றி உருளும். பிக்கப்போ பெரும்பாலும் பின்சில்லுகளால் ஓடுவது. அல்லது நான்கு சில்லுகளாலும் ஓடுவது. பின்சில்லுகள் வீதியில் உருளும்போது, அவை புரொப்பெல்லர் சாப்டைச் சுழற்ற, அது கியர்ப்பெட்டியின் உள்ளுறுப்புகளையும் சுழற்றும். தானாகக் கியர் மாறும் பெட்டியில் எண்ணெயைச் செலுத்தும் பம்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் ஓய்ந்திருக்க, எண்ணெய் ஓடாது. எண்ணெயின்றி உலோகம் உலோகத்தோடு உராய்ந்து சூடேறித் தேயும். வெளியிலே ஓர் ஓசையும் கேளாது. வீடு வந்த பிறகே, சிறு பழுதோடு புறப்பட்ட வண்டி பெரும் பழுதோடு வந்து சேர்ந்திருப்பது தெரியவரும். நியூற்றலில் வைத்துவிட்டோம் என்பது இதற்குப் பரிகாரம் ஆகாது.

ஆகவே, பின்சில்லால் ஓடும் பிக்கப்பை டொலியில் இழுப்பதாயின், புரொப்பெல்லர் சாப்டை மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிவிடவேண்டும். நான்கு சில்லாலும் ஓடும் வண்டிக்கு, அதனுடன் வரும் கைந்நூல் என்ன கூறுகிறதோ அதுவே வேதவாக்கு. எப்பொழுதும் நான்கு சில்லுகளும் சேர்ந்தே ஓடும் வகையாயின், இரண்டு சில்லுகளைத் தரையில் விட்டு இழுக்கவே கூடாது. கார் கரியர் என வழங்கும் தட்டையான லொறியில் முழுவதும் ஏற்றிச் செல்வதே வழி. மின்சாரத்தால் ஓடும் வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதுவே விதி. வண்டியைத் திருப்பிப் பின்சில்லுகளை டொலியில் ஏற்றலாமே என்றால், அப்போது முன்சில்லுகள் தரையில் உருண்டு, திசை மாறி அலையத் தொடங்கும். ஸ்டியரிங் பூட்டை மட்டும் நம்பி அவ்வாறு செய்தல் ஆபத்து.

மூன்றாவது, வழி எத்தகையது? வல்வெட்டித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கரையோர ஒழுங்கைகள் குறுகலானவை. டொலியோடு இரண்டு வண்டியின் நீளம் சேரும்போது, திருப்பத்திலே பின்வண்டி உட்பக்கமாகச் சரிந்து வேலியையும் மதிலையும் தொட வரும். எனவே, அகலமாக எடுத்துத் திருப்பவேண்டும். டொலி பூட்டிய வண்டியைப் பின்னுக்கு எடுக்க முடியாது. எடுத்தால் இரண்டு மூட்டுகள் இரண்டு திசையில் மடியும். ஆகவே, முட்டுச் சந்துக்குள் நுழைந்துவிடாமல் வழியை முன்னரே தீர்மானித்தல் வேண்டும். அப்பால் வல்லை வெளி. தொண்டைமானாற்று நீரேரியின்மேல் உள்ள பாலத்தையும், காற்றுக்கு மறைப்பில்லாத அந்த வெளியையும் அறியாதார் இல்லை. பக்கக் காற்று வீசும்போது பின்வண்டி ஆடத் தொடங்கினால், சாரதிகள் பதறிப் பிறேக்கை மிதிப்பர். ஆட்டம் அதனால் கூடும். காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானே குறைய விடுவதே சரி.

இந்த மூன்று வினாக்களுக்கும் தக்க விடை கிடைத்த பின்னரே ஏற்றும் வேலையைத் தொடங்கவேண்டும். இடம் சமதரையாய் இருத்தல் அவசியம். முதலில் டொலியை இழுக்கும் வண்டியோடு பூட்டி, அவ்வண்டியின் கைப்பிறேக்கைப் போடுக. டொலியின் சங்கிலிகள் இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கையின் கீழே பூட்டுக. குண்டு கழன்றாலும் அச்சங்கிலிகள் தொட்டில்போல் தாங்கிக்கொள்ளும். பின்னர் பழுதுபட்ட வண்டியை நேராக ஏற்றி, அதன் முன்சில்லுகள் ஒவ்வொன்றையும் பட்டியால் இறுகக் கட்டுக. ஏற்றும்போது வண்டிக்கு முன்னேயோ பின்னேயோ எவரும் நிற்றல் கூடாது. பக்கத்தில் நின்று வழிகாட்டுக. அதன்பின் கைப்பிறேக்கை விடுவித்தல் மிக அவசியம். மறந்தால் பின்ரயர்கள் இழுபட்டுத் தேய்ந்து புகையும். பின்வண்டியில் சமிக்ஞை விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்கவேண்டும். பின்னால் வருபவருக்கு முன்வண்டியின் விளக்குத் தெரியாது அன்றோ?

புறப்பட்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் சென்றதும் ஓரமாக நிறுத்தி, பட்டிகளை மறுபடியும் இறுக்குக. ரயர் சிறிது அமிழ்வதால் முதலிற் கட்டிய பட்டி தளர்வது வழக்கம். முன்னே செல்லும் வாகனத்துக்கும் நமக்கும் இடையே, எப்போதும் விடும் தூரத்தைப்போல் இரண்டு மடங்கு விடுக. யூஹோல் நிறுவனம் அகன்ற நெடுஞ்சாலைகளிற்கூட மணிக்கு 55 மைலுக்கு மேல் செல்லலாகாது என்கிறது. நம் வீதிகளுக்கு அதிற் பாதியே போதுமானது.

இறுதியாக, மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையில் மீன் ஏற்றச் சென்ற பிக்கப் மணலிற் புதைந்துவிட்டால், அருகிற் கிடைக்கும் நைலோன் கயிற்றைக் கட்டி இழுப்பது பலரும் செய்வது. தார் வீதியில் 30 கிலோகிராம் பலத்துக்கு அசையும் வண்டி, புதைமணலில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேலும் கேட்கும். நைலோன் இறப்பர்போல் நீண்டு அந்தப் பலம் முழுவதையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். அறுந்தால், அல்லது முனையிலுள்ள கொழுக்கி முறிந்தால், சேர்ந்த ஆற்றல் ஒரு கணத்தில் விடுபட்டு, இரும்புத் துண்டைத் துப்பாக்கிக் குண்டுபோல் வீசியெறியும். இழுவைக் குண்டிலே கயிற்றை மாட்டிப் புதைந்த வண்டியை இழுத்தபோது, அக்குண்டு முறிந்து பறந்ததால் ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. இறுகிய கயிற்றின் நேரே நிற்காதே என்பது பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல்கள் இளைஞருக்குக் கற்பிக்கவேண்டியிருந்த முதற்பாடங்களுள் ஒன்று. கடலனுபவத்தில் தெருவுக்கும் கரைக்கும் பொருந்தும் பாதி என்று நாம் முன்னர்க் குறிப்பிட்டது இதனையே.

எனவே, முதலில் மண்வெட்டியை எடுங்கள். சில்லுகளின் முன்னுள்ள மணலை வாரி, ரயரின் காற்றைச் சற்றுக் குறைத்து, பனைமட்டையோ பழங்கிடுகோ பலகையோ இட்டுப் பாருங்கள். பல வேளைகளில் வண்டி தானே ஏறிவிடும். இழுத்தே தீரவேண்டுமாயின், உறுதியான சட்டத்திலுள்ள கொழுக்கியில் மாட்டி, கயிற்றின் நடுவே நனைத்த சாக்கைப் போட்டு, கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் எல்லாரையும் விலக்குங்கள். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை விலக்குவது, கயிறு கட்டுவதிலும் முந்திய வேலை.

குடும்பத்தில் பிக்கப் உள்ளவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் வண்டியின் கைந்நூலைப் பார்த்து, அதன் எடை, அது எந்தச் சில்லால் ஓடுவது, கட்டியிழுப்பது பற்றி அது கூறும் விதி ஆகிய மூன்றையும் ஒரு கடதாசியில் தெளிவாக எழுதி, வண்டியினுள்ளே வைக்கட்டும். காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். வழியில் நின்ற வண்டியை ஏற்றிச் செல்லும் உதவியையும் பல நிறுவனங்கள் காப்புறுதியோடு சேர்த்தே தருகின்றன. உங்களுடையதில் உண்டாயின், அந்தத் தொலைபேசி இலக்கத்தையும் அதே கடதாசியில் எழுதுங்கள். இரவிலே, மழையிலே, வல்லை வெளியிலே வண்டி நின்றுவிட்ட நேரத்தில் சிந்தனை தெளிவாக ஓடாது. அப்போது அந்தக் கடதாசி பேசும். ஒரு பகல் வருமானமும் கார் கரியரின் கூலியும் போனால் உழைத்துப் பெறலாம். பொறுத்திருந்து, முறையாக ஏற்றி, நிறுத்தும் வழியை உறுதி செய்த பின் புறப்படுபவரே வண்டியையும் காப்பார். வீட்டில் விளக்கேற்றிக் காத்திருப்போரையும் காப்பார்.